ஏழாம் வீதியின் தங்கசாலை

பிலடெல்பியா நகருக்குப் போகும் பிரயாணிகள் பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் நடக்கிறார்கள். செஸ்ட்நட் வீதியில், சிவப்புச் செங்கல்லால் கட்டப்பட்டு உச்சியில் வெள்ளைக் கோபுரத்துடன் நிற்கும் சுதந்திர மண்டபத்தைப் பார்க்கிறார்கள். 1776-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, இங்கிலாந்து அரசருக்கும் தங்களுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை என்று பிரகடனம் செய்த இடம் அது. பிறகு அருகிலுள்ள கூடத்தில், விரிசல் கண்ட சுதந்திர மணியின் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

அங்கிருந்து மேற்கே ஏழாம் வீதி வரையில் நடந்து, வடக்கே திரும்பி மார்க்கெட் வீதியைத் தாண்டினால் வேறோர் இடம் வரும். பத்து நிமிஷ நடைகூட இல்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. மத்திய சர்க்காரின் பெரிய காரியாலயக் கட்டிடம் ஒன்று எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் 1792-ல் அந்த மண்ணில்தான் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் தங்கசாலை எழும்பியது. சுதந்திர மண்டபத்தில் பேனாவினால் எழுதியதை, இந்த வீதியில் உளியினாலும் உலையினாலும் எழுதிப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். பேனா வேலையைவிட உளி வேலைதான் அதிகக் கஷ்டமாக இருந்தது!

தராசு பிடித்த தேசம்

பிலடெல்பியா 1682-ல் வில்லியம் பென் என்பவர் வகுத்த நகரம். டெலவேர் நதிக்கும் ஸ்கூல்கில் நதிக்கும் இடையே சதுரங்கப் பலகையைப் போல் வீதிகள் ஓடுகின்றன. வடக்கு தெற்காகச் செல்லும் வீதிகளுக்கு எண்களையும், குறுக்கே செல்பவற்றுள் பலவற்றிற்கு மரங்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். 1790 முதல் 1800 வரையில் இதுவே தேசத்தின் தலைநகரமாக இருந்தது.

அந்தத் தலைநகரத்தின் கடைகளில் எந்தப் பணம் வழங்கியது தெரியுமா? ஸ்பெயின் தேசத்து வெள்ளி டாலர், இங்கிலாந்தின் ஷில்லிங், பிரான்ஸின் வெள்ளி, போர்ச்சுகலின் தங்கம், இன்னும் பல தினுசுச் செப்புக் காசுகள் ஆகிய எல்லாம் கலந்து புழங்கின. சில்லறை வேண்டுமானால் ஸ்பானிஷ் டாலரை எட்டுத் துண்டாக வெட்டிக்கொள்வார்கள். ஒரு ராஜ்யத்தில் ஒரு டாலருக்கு இத்தனை ஷில்லிங் என்றால், அடுத்த ராஜ்யத்தில் வேறு கணக்கு. வியாபாரியின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் தராசு ஒன்று தவறாமல் இருக்கும். கொடிக்கும் சட்டத்திற்கும் சொந்தக்காரர்களாகிவிட்ட ஜனங்கள், ஒரு ரொட்டி வாங்கப் போனால் மட்டும் அயல் தேசத்து அரசர்களின் முகத்தைத்தான் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1790-ல் ஒரு யோசனை வந்தது. ஐரோப்பாவிலேயே செப்பு நாணயங்களை அச்சிட்டுக் கப்பலில் அனுப்பிவிடுவதாக ஒருவர் மனுச் செய்துகொண்டார். வேலை நேர்த்தியாக இருக்கும், செலவும் குறைவு. மனுவைப் பரிசீலித்து அறிக்கை எழுதியவர் அப்போது வெளிநாட்டு மந்திரியாயிருந்த தாமஸ் ஜெபர்ஸன். நாணயம் அடிப்பது அரசுரிமையின் விசேஷ அடையாளம்; அதை வேறொரு நாட்டில் நடத்துவது அந்த நாட்டின் ஆதிக்கத்துக்கு அதை ஒப்படைப்பதாகும் என்பது அவர் வாதம். போதாக்குறைக்குக் கடல் ஆபத்துக்களையும் அவர் எடுத்துக் காட்டினார். யோசனை நிராகரிக்கப்பட்டது. 1792-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி, சொந்தத் தங்கசாலை அமைப்பதற்கான சட்டம் நிறைவேறியது. பத்துச் சதம் ஒரு டைம், பத்து டைம் ஒரு டாலர் என்ற தசாம்ச முறையும் அதில் வகுக்கப்பட்டது. நாம் 1957-ல் கைக்கொண்ட நயா பைசாக் கணக்கும் இந்த வகையைச் சேர்ந்ததே.

யாருடைய முகம்?

அந்தச் சட்டம் நிறைவேறுவதற்கு முன் ஒரு சுவையான தகராறு நடந்தது. நாணயத்தில் யாருடைய உருவத்தைப் பொறிப்பது?

ஜனாதிபதி வாஷிங்டனுடைய உருவம்தான் இருக்க வேண்டுமென்று செனட் சபையின் மசோதா கூறியது. அவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? 1791-லேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர், வேலை தங்களுக்குக் கிடைக்குமென்ற ஆசையில், வாஷிங்டன் தலையுடன் அழகான மாதிரிக் காசுகளை அடித்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் பிரதிநிதி சபை இதற்கு இசையவில்லை. உயிரோடிருக்கும் ஆட்சியாளரின் தலையை நாணயத்தில் போடுவது முடியரசர்களின் வழக்கம். குடியரசில் அது தலைகாட்டக் கூடாது என்றார்கள். செனட் சபை முரண்டிற்று. பிரதிநிதி சபை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், சுதந்திரத்தைக் குறிக்கும் ஓர் உருவமும் ‘சுதந்திரம்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும் என்று சட்டம் முடிவாயிற்று. கூந்தலைக் காற்றில் விரித்த ஒரு பெண்ணின் முகம் அப்படித்தான் அமெரிக்க நாணயத்தில் இடம் பெற்றது.

நான்கு தொழிலாளிகள்

சட்டம் எழுதியாயிற்று; தங்கசாலை நடத்தத் தெரிந்தவர் யார்? டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வான சாஸ்திரியை முதல் அதிபராக நியமித்தார்கள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாமலே கணிதம் கற்று, கடிகாரம் செய்து பிழைத்து, 1769-ல் சுக்கிரன் சூரிய மண்டலத்தைக் கடந்து சென்றதை அளந்து புகழ் பெற்றவர் அவர். நாணயம் அடிக்கும் பொறுப்பு ஹென்றி வாய்ட் என்ற கடிகாரத் தொழிலாளிக்கு. ரம்பம் செய்து விற்றுவந்த ஜான் ஹார்ப்பர் யந்திர உதவி செய்தார். ஆடம் எக்பெல்ட் என்ற கொல்லர் இரும்பு வேலைக்கு வந்து சேர்ந்தார். பரம்பரையாக நாணயத் தொழில் செய்தவர் என்று சொல்ல இவர்களில் ஒருவருமில்லை.

ஜூலை 18-ந் தேதி ஏழாம் வீதியில் பழைய சாராயம் காய்ச்சும் கட்டிடத்துடன் கூடிய மனையை வாங்கினார்கள். மறுநாளே இடிக்கத் தொடங்கி, 31-ந் தேதி காலையில் ரிட்டன்ஹவுஸ் அஸ்திவாரக் கல் நாட்டினார். இடித்த பழைய சாமான்களை விற்றதில் ஏழரை ஷில்லிங் கிடைத்ததாம். அதைக் கொண்டு அஸ்திவார தினத்தன்று தொழிலாளிகளுக்குப் பானம் வாங்கிக் கொடுக்கும்படி அதிபர் உத்தரவிட்டார். சாராயக் கூடத்தின் கடைசிப் பணம் அதற்கு ஏற்ற வழியிலேயே செலவாகியது!

ஆனால் கட்டிடம் எழும் வரையில் நாணயம் காத்திருக்கவில்லை. ஹார்ப்பருடைய வீட்டின் நிலவறையில் ஒரு திருகு யந்திரத்தை வைத்து, அந்த ஜூலை மாதத்திலேயே ‘அரை டைம்’ என்ற ஐந்து சத வெள்ளிக் காசை அடித்துவிட்டார்கள். வாஷிங்டன் தம் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை உருக்கக் கொடுத்தார் என்றும், காசிலுள்ள முகம் அவருடைய மனைவியினுடையது என்றும் பின்னால் கதைகள் கிளம்பின. ஜெபர்ஸனுடைய தினசரிக் கணக்குப் புத்தகம் கதையைவிட ரஸமானது. ஜூலை 11-ந் தேதி அவர் 75 டாலர் கொடுத்தார். 13-ந் தேதி 1,500 அரை டைம்களைப் பெற்றுக்கொண்டு, வர்ஜீனியாவிலுள்ள தம் ஊருக்குப் பிரயாணமானார். கணக்கு ஒரு காசும் பிசகவில்லை. அந்த வருஷம் நவம்பர் 6-ந் தேதி சட்டசபையில் பேசிய வாஷிங்டன், நாணயம் அடிப்பதில் ஒரு சிறு ஆரம்பம் நடந்திருக்கிறது என்று அறிவித்தார். அவர் குறிப்பிட்டது இந்த அரை டைமைத்தான்.

காசு பிறக்கும் விதம்

இந்த இடத்தில், அந்த நாளில் ஒரு காசு எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

மிகப் பழைய முறை சுத்தியல் முறை. ஓர் அச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் உலோக வில்லையை வைத்து, இன்னோர் அச்சை மேலே பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே லிடியா தேசத்திலும் கிரேக்க நாடுகளிலும் இவ்வாறு நாணயம் அடித்தார்கள். நம் பாரத நாட்டிலும் வெள்ளித் துண்டுகளின்மேல் சூரியன், மலை, மிருகம் முதலிய சிறு முத்திரைகளைத் தனித்தனியே குத்தி வழங்கினார்கள். கையால் அடித்த காசில் இரண்டு குறைகள். உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், ஓரம் ஒழுங்காயிராது. ஓரம் ஒழுங்காயில்லாவிட்டால், கெட்டிக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை முழுக் காசாகச் செலுத்திவிடுவார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் திருகு யந்திரம் தோன்றியது. கனத்த இரும்புச் சட்டத்தின் நடுவே ஒரு பெரிய திருகு. அதன் உச்சியில் நீண்ட கை. கையின் இரு முனையிலும் பாரமான குண்டுகள். ஆட்கள் அந்தக் கையைப் பிடித்து வேகமாய்ச் சுழற்றுவார்கள். திருகு இறங்கி, மேலச்சு கீழச்சின்மேல் மோதும். ஒரே மோதலில் இரண்டு பக்கமும் நேராகப் பதிந்துவிடும்.

ஏழாம் வீதியில் நடந்ததும் இதுதான். முதலில் உலோகத்தை மூசையில் உருக்கிக் கட்டிகளாக வார்ப்பார்கள். குதிரைகள் சுற்றிவரும் உருளை யந்திரத்தில் கட்டியைச் செலுத்தித் தகடாக்குவார்கள். தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, தீயில் காய்ச்சி மிருதுவாக்கி, அழுக்கெடுத்து, ஓரத்தில் எழுத்தோ வரியோ பதித்து, பிறகு திருகு யந்திரத்தில் கொடுப்பார்கள். வெள்ளியானால் ஒவ்வொரு வில்லையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதிகமானால் அரத்தால் ராவுவது; குறைவானால் மறுபடியும் மூசைக்குள் போடுவது. இந்த நுட்பமான வேலைக்கு 1795-ல் இரண்டு பெண்களை நியமித்தார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது அச்சு வெட்டுவது. மிருதுவான எஃகின் முகத்தில் உருவத்தை இடம் வலமாக மாற்றிக் குழிவாகச் செதுக்கி, எழுத்துக்களை ஒவ்வொன்றாக உளியால் பதித்து, பிறகு எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினப்படுத்த வேண்டும். பதம் அதிகமானால் அச்சு வெடித்துவிடும்; குறைந்தால் நசுங்கிவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாவது சகஜம்.

மாதிரிக் காசுகள்

புதிதாக ஒரு நாணயத்தை வழங்குவதற்கு முன்னால், அதன் உருவம், எடை, உலோகம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சில காசுகளை மட்டும் அடித்துப் பரீட்சிப்பது வழக்கம். இவற்றை மாதிரி நாணயம் என்பார்கள். வீடு கட்டுமுன் போடும் கோலத்தைப் போன்றவை இவை. குடியிருக்க அல்ல, கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க. 1792-ல் பிலடெல்பியாவில் பிறந்த மாதிரிகள் ஒரு சிலவே. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்னை தெரிகிறது.

சதம் என்ற செப்புக் காசில் 264 கிரெய்ன் செம்பு இருக்க வேண்டுமென்று சட்டம் கூறியது. அதாவது சுமார் 17 கிராம். ‘பிர்ச்’ என்ற பெயர் கழுத்தின் கீழே பொறித்த மாதிரிச் சதம் அந்தப் பெரிய அளவில் அடிக்கப்பட்டது. சுதந்திரமே சாஸ்திரத்திற்கும் கைத்தொழிலுக்கும் தாய் என்ற கருத்துள்ள வாசகம் அதைச் சுற்றி ஓடுகிறது. காசு அழகுதான், ஆனால் பையில் இருபது போட்டால் பை கிழிந்துவிடும்!

காசைச் சிறிதாக்கவும் வேண்டும், அதன் உள்மதிப்பும் ஒரு சதமாகவே இருக்க வேண்டும். கடிகாரக்காரர் வாய்ட் ஒரு வழி கண்டார். சிறிய செப்பு வில்லையின் நடுவில் துவாரமிட்டு, அதில் வெள்ளி ஆணி ஒன்றைச் செருகி, அப்படியே அச்சிட்டார். அச்சின் மோதலில் வெள்ளி விரிந்து செம்போடு இறுகிவிட்டது. செம்பின் விலை கால் சதம். வெள்ளியின் விலை முக்கால் சதம். டிசம்பர் 18-ந் தேதி ஜெபர்ஸன் இப்படிப்பட்ட இரண்டு காசுகளை வாஷிங்டனுக்கு அனுப்பி விவரம் எழுதினார். அதே அளவு வெள்ளியைச் செம்போடு சேர்த்து உருக்கி அடிப்பதும் ஒரு யோசனை. ஆனால் அந்தக் கலப்புக் காசு பார்வைக்குச் செம்பு போலவே இருந்தபடியால், கள்ளக் காசு செய்வோருக்கு அது விருந்தாகிவிடும். வெள்ளி ஆணியோ, ஒவ்வொரு காசிலும் துவாரமிட்டுச் செருக வேண்டிய தொல்லை. 1793 ஜனவரியில் சட்டசபை சதத்தின் எடையை 208 கிரெய்னாகக் குறைத்தது. வாய்டின் யோசனைக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆனால் யோசனை அழிந்துவிடவில்லை. நம் தேசத்தில் இன்று வழங்கும் பத்து ரூபாய் நாணயங்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளி வளையம் ஒரு நிறம், நடு வட்டம் ஒரு நிறம். இரண்டு உலோகத்தை ஒரே மோதலில் இணைக்கும் அந்த வித்தையைத்தான், கையால் சுழற்றும் யந்திரத்தைக் கொண்டு அவர் செய்து பார்த்தார்.

ஜோசப் ரைட் என்ற சித்திரக்காரர் வெட்டிய கால் டாலர் மாதிரி எல்லாவற்றிலும் நயமானது. ஒரு பக்கம் சுதந்திர தேவியின் சாந்தமான முகம். மறு பக்கம் பூகோளத்தின்மேல் நிற்கும் கழுகு. செம்பில் இரண்டே இரண்டு இருக்கின்றன. 1793-ல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவிச் சுமார் ஐயாயிரம் பேர் மாண்டார்கள். தங்கசாலையை மூடினார்கள். ரைட்டும் அந்தக் காய்ச்சலுக்குப் பலியானார். அவருடைய கால் டாலர் மாதிரியாகவே நின்றுவிட்டது.

சங்கிலியும் சுதந்திரமும்

1793 மார்ச் மாதத்தில் முதல் செப்புச் சதங்கள் வெளிவந்தன. தங்கசாலை முதன் முதலாக வழங்கிய தொகை 11,178. பின்புறத்தில் பதினைந்து வளையங்கள் கொண்ட ஒரு சங்கிலி. பதினைந்து ராஜ்யங்களின் ஒற்றுமைக்கு அறிகுறி. கருத்து நல்லதுதான். ஆனால் ஜனங்கள் சங்கிலியைப் பார்த்தால் ஒற்றுமையையா நினைப்பார்கள்? சுதந்திர தேவியின் காசிலே விலங்கா என்று பத்திரிகையில் கேலி செய்தார்கள். அதிகாரிகள் கோபிக்கவில்லை. சில வாரங்களுக்குள் சங்கிலியை எடுத்துவிட்டு இலை மாலை ஒன்றைப் பொறித்தார்கள்.

அந்தக் கேலியில் கேலி செய்தவர்களும் அறியாத உண்மை ஒன்று இருந்தது. தங்கசாலைக்கு மிக அருகில், மார்க்கெட் வீதியும் ஆறாம் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஜனாதிபதி வாஷிங்டனுடைய வாசஸ்தலம் இருந்தது. அந்த வீட்டில் அவருக்குச் சொந்தமான நீக்ரோ அடிமைகள் ஊழியம் செய்தார்கள். ‘சுதந்திரம்’ என்ற சொல்லை எஃகில் வெட்டும் ஓசை கேட்கக்கூடிய தூரத்தில், அந்தச் சொல்லுக்கு உரிமையில்லாத மனிதர்கள் தண்ணீர் சுமந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள். அந்த வீடு இருந்த இடத்தில் 2010-ல் அவர்களுடைய பெயர்களைக் கல்லில் பொறித்து நினைவிடம் அமைக்கப்பட்டது. நாணயத்தில் ஒரு சொல்லைப் பதிப்பதற்கும் வாழ்க்கையில் பதிப்பதற்கும் எவ்வளவு காலம் இடையே செல்லக்கூடும் என்பதை, இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் பிரயாணி உணர்வான்.

நம் காசு வந்த வழி

இதே காலத்தில் நம் சென்னை ராஜதானியின் நிலைமையையும் நினைத்துப் பார்க்கலாம். பர்மிங்ஹாமுக்கு அருகே ஸோஹோ என்ற இடத்தில் மாத்யூ போல்டன் நீராவியால் ஓடும் நாணய யந்திரங்களை நிறுவியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1803-ம் வருஷ முத்திரையுடன் சென்னைக்கென்று இருபது காசு, பத்துக் காசுச் செப்பு நாணயங்களை அங்கே அடித்தார்கள். ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னம். மறு பக்கத்தில் பாரசீக எழுத்து. தமிழ் விவசாயி கையிலே புரளும் காசு. அதில் தமிழ் ஓர் எழுத்துமில்லை. வேலைப்பாடு என்னவோ பிலடெல்பியாவில் அடித்ததைவிடப் பன்மடங்கு மேல். வட்டம் பிசகாது, எடை பிசகாது, எழுத்து தேயாது. 1808-ம் வருஷத்துக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைக்கூடத் தாண்டாமல் குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் அவற்றை ஏராளமாக வெளியே எடுத்தார்கள். கடல் ஆபத்தைப் பற்றி ஜெபர்ஸன் எழுதியது வீண் பயமல்ல.

நேர்மையாகச் சொல்வதானால், பிலடெல்பியாக்காரர்களும் போல்டனை அடியோடு ஒதுக்கிவிட முடியவில்லை. 1797 முதல் முத்திரையில்லாத செப்பு வில்லைகளை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். ஆனால் அச்சைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். வில்லை யாருடையதாயிருந்தாலும், முத்திரை தங்களுடையதாயிருக்க வேண்டுமென்பதில் உறுதியாயிருந்தார்கள். தங்கள் தங்கசாலையில் நீராவியால் நாணயம் அடிக்க அவர்களுக்கு 1836 வரையில் ஆயிற்று.

எஞ்சியவை

தங்கசாலை 1833-ல் பெரிய கட்டிடத்துக்குக் குடி போயிற்று. ஏழாம் வீதிக் கட்டிடங்கள் கை மாறி, கடையாகவும் பட்டறையாகவும் இருந்தன. 1907-ல் பிராங்க் ஸ்டீவர்ட் என்ற வியாபாரி அவற்றை வாங்கினார். பாதுகாக்க வேண்டுமென்று அவர் விரும்பியும் ஆதரவு கிடைக்கவில்லை, இடிபட்டுப் போயின. கிடைத்த பொருள்களைச் சேர்த்துவைத்து, அந்தச் சாலையின் சரித்திரத்தை 1924-ல் அவரே புத்தகமாக எழுதினார்.

மாதிரிக் காசுகள் மிஞ்சியதற்குக் கொல்லர் எக்பெல்ட் ஒரு முக்கிய காரணம். தலைமை நாணயக்காரராக உயர்ந்து 1839 வரையில் உழைத்த அவர், நல்ல காசுகளை உருக்கவிடாமல் தனியே எடுத்துவைத்தார். அந்தச் சேகரம் 1923-ல் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்குச் சென்றது. வெளியில் தனிப்பட்டவர்களிடம் தங்கியவற்றில் ஒரு பிர்ச் சதம் 2015-ல் ஏலத்தில் 25 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. பை கிழிந்துவிடுமென்று ஒதுக்கப்பட்ட காசு அது!

நம் தேசம் 1947-ல் சுதந்திரம் பெற்ற பிறகும், மூன்று வருஷ காலம் ஆங்கில அரசரின் தலை பொறித்த ரூபாயே நம் பையிலிருந்தது. 1950-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி குடியரசின் சொந்த நாணயங்கள் வெளிவந்தபோது, அரசர் இருந்த இடத்தில் எந்த மனிதருடைய தலையும் இல்லை; அசோகரின் சிங்கங்கள் நின்றன. அந்தக் காசை முதன் முதலில் கையில் வாங்கியவர்கள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். ஜெபர்ஸனும் தம்முடைய 1,500 அரை டைம்களில் ஒன்றையாவது வழியில் அப்படிப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.